அம்மம்மாவின் குரலும் ஒரு சின்னச் சிவப்புப் பெட்டியும்

சனிக்கிழமை காலை எட்டு மணி. ரொறன்ரோவில் பனி. மகள் பாட்டு வகுப்புக்கு லப்டொப் முன்னால் இருக்கிறாள். திரையில் சென்னையிலிருந்து டீச்சர். "சுருதி போட்டிருக்கியா கண்ணா? எனக்குக் கேக்கவே இல்லையே" என்கிறார். சுருதி எங்கள் காதைப் பிளக்கிற அளவுக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. சத்தத்தைக் கூட்டினேன். "முதல்ல ரெண்டு செகண்ட் கேட்டுச்சு, அப்புறம் போயிடுச்சும்மா."

வீட்டில் பிள்ளைகளுக்கு ஒன்லைனில் சங்கீதம் பழக்குகிற எல்லோருக்கும் இது நடந்திருக்கும். காரணம் தெரிந்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, கொஞ்சம் கோபமும் வந்தது. வீடியோ செயலிகளில் இரைச்சலை நீக்கும் பகுதி ஒன்று எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும். மாறாமல் ஒரே சீராக வரும் சத்தத்தை அது ஃபேன், ஃபிரிஜ், ஏசி என்று கணித்து அழித்துவிடும். தம்புராவின் வேலையே மாறாமல் ஒரே சீராக ஒலிப்பதுதான். சுருதியும் ஃபிரிஜ்ஜும் அந்தக் கணக்குக்கு ஒன்றுதான்.

இதை நிறுத்தலாம். சூமில் 'ஒரிஜினல் சவுண்ட் ஃபோர் மியூசிஷியன்ஸ்' என்று ஒரு தெரிவு இருக்கிறது. அதைப் போட்டால் இரைச்சல் நீக்கமும் எதிரொலி நீக்கமும் விலகி, உள்ளது உள்ளபடி போகும். எதிரொலி நீக்கம் போய்விடுவதால் பிள்ளைக்கு ஹெட்ஃபோன் கட்டாயம் வேணும். இல்லையென்றால் டீச்சரின் குரல் ஸ்பீக்கரில் வந்து மைக்கில் ஏறித் திரும்ப அவருக்கே போகும்.

நிறுத்தினோம். அப்போதுதான் அடுத்த உண்மை வெளிவந்தது. வடிகட்டி இல்லாமல் கேட்டால் லப்டொப்பின் உள்மைக் எவ்வளவு மோசம் என்று தெரிந்தது. குரலோடு கீபோர்ட் தட்டலும், லப்டொப்பின் ஃபேன் இரைச்சலும், பக்கத்து அறையில் என் கணவர் தேத்தண்ணி ஆத்துகிற சத்தமும் சேர்ந்து வந்தன. அப்படித்தான் அந்தச் சிவப்புப் பெட்டி வீட்டுக்கு வந்தது.

ஓடியோ இன்டர்ஃபேஸ் என்பது பேர்தான் பெரிசு, ஆள் பிள்ளையின் சாப்பாட்டுப் பெட்டி அளவுதான். ஒரு பக்கம் மைக், மறுபக்கம் யூஎஸ்பி கேபிள். மைக்கில் உண்டாகும் மின்சாரம் மிகச் சிறியது, ஒரு வோல்ட்டின் ஆயிரத்தில் சில பங்குதான். பெட்டி முதலில் அதைப் பெருக்கும். பிறகு செக்கனுக்கு 48,000 தடவை அளந்து எண்ணாக மாற்றிக் கணினிக்குக் கொடுக்கும். லப்டொப்புக்குள்ளும் இதே வேலை நடக்கிறதுதான், ஆனால் மற்ற எல்லாச் சில்லுகளின் இரைச்சலுக்கும் நடுவில். பெட்டி அதை வெளியே எடுத்துத் தனியாகச் செய்கிறது.

எங்கள் வீட்டில் இருப்பது ஃபோக்கஸ்ரைட் ஸ்கார்லெட். இந்த நிறுவனத்தை 1985இல் இங்கிலாந்தில் தொடங்கியவர் ரூபர்ட் நீவ். பீட்டில்ஸ் குழுவின் தயாரிப்பாளர் ஜோர்ஜ் மார்ட்டினின் ஏர் ஸ்டூடியோவுக்காகச் செய்த உபகரணம்தான் அவர்களுடைய முதல் பேர். அந்தக் காலத்தில் ஒரு அறையை நிரப்பிய வேலையின் ஒரு துண்டை இன்று 200, 300 கனடிய டொலருக்குள் வாங்கிப் பிள்ளையின் மேசையில் வைக்கலாம் என்பது எனக்கு இன்னும் ஆச்சரியம்தான். மோட்டு எம்2 போன்ற வேறு நல்ல பெட்டிகளும் உண்டு. பெட்டிக்குப் பெட்டி ஒலித்தரத்தில் உள்ள வித்தியாசம் எங்கள் போன்றவர்களுக்குக் கேட்காது. அதில் மண்டையை உடைக்கத் தேவையில்லை.

மைக்கில்தான் யோசிக்க வேணும். கடைக்காரர் பெரும்பாலும் கண்டென்சர் மைக்கைக் காட்டுவார். அதற்கு 48 வோல்ட் மின்சாரம் தேவை, பெட்டியில் அதற்கொரு பொத்தான் இருக்கும். நுணுக்கமாகக் கேட்கும், ஆனால் வீட்டையும் சேர்த்துக் கேட்கும். கம்பளம் இல்லாத தரை, வெறும் சுவர், கண்ணாடி ஜன்னல் என்று இருக்கும் எங்கட அபார்ட்மென்ட் அறைகளில் அது குகைக்குள் இருந்து பாடுவது போல வரும். டைனமிக் மைக் அப்படியில்லை. வாய்க்குக் கிட்ட வைத்தால் வாயை மட்டும் கேட்கும், கீழே விழுந்தாலும் பெரும்பாலும் தப்பும். 1966இல் வந்த ஷூர் எஸ்எம்58 இன்றும் கோயில் மேடையிலிருந்து கலியாண ஹோல் வரைக்கும் கிடக்கிறதே, அதே சாமான்தான். மகளுக்கு அதையே வாங்கினேன். இதோடு சுருதிப் பிரச்சினை முடிந்தது.

இனி நான் உண்மையில் எழுத வந்த விஷயம்.

என் அம்மம்மாவுக்கு 86 வயது. ஸ்காபரோவில் என் அம்மாவோடு இருக்கிறார். மகளுக்குப் பூட்டி. நான் பிறந்தது இங்கே. அம்மம்மா 2000ஆம் ஆண்டில்தான் வந்து சேர்ந்தார். 1995 ஒக்டோபர் 30இல் வலிகாமத்துச் சனம் முழுக்க ஒரே இரவில் எழும்பி, செம்மணி, நாவற்குழி வழியாகத் தென்மராட்சிக்கு நடந்தபோது அவரும் மழைக்குள் நடந்தவர். எங்களிடம் அதை அவர் சொன்னதேயில்லை. கேட்டால், "அது பெரிய கதை பிள்ளை, பிறகு சொல்லுறன்" என்பார்.

ஒன்றரை வருசத்துக்கு முன் ஒரு பின்னேரம் அவராகவே, "சரி, உன்ர பெட்டியக் கொண்டு வா" என்றார். மேசையில் எல்லாவற்றையும் பூட்டினேன். "உதென்ன, ஆஸ்பத்திரிச் சாமான் மாதிரிக் கிடக்கு? நான் அப்துல் ஹமீது மாதிரிக் கதைக்கோணுமோ?" என்று ஒரு பகிடி. இலங்கை வானொலி கேட்டு வளர்ந்த தலைமுறை. பிறகு ஒரு மணி நாற்பது நிமிசம் நிற்காமல் சொன்னார். எதை விட்டார், எதைத் தூக்கினார், பாலத்தில் எவ்வளவு நேரம் நின்றார், யாரை அங்கே கடைசியாகக் கண்டார். நான் வாய் திறக்கவில்லை.

வீட்டுக்கு வந்து ஹெட்ஃபோனைப் போட்டேன். மைக் மேசையில் இருந்தது. பெட்டியில் பச்சை விளக்கும் எரிந்தது. ஆனால் பதிவு செய்த மென்பொருளில் உள்ளீடாகத் தெரிவாகி இருந்தது லப்டொப்பின் உள்மைக். நான் பார்க்கவேயில்லை. அதோடு, உள்மைக்குக்கு லப்டொப் தானாகவே போடும் 'ஒலி மேம்பாடு' ஒன்றும் இயங்கியிருக்கிறது. சாதாரணமாகக் கதைத்த இடங்கள் பரவாயில்லை. ஆனால் அம்மம்மா முக்கியமான இடம் வரும்போதெல்லாம் குரலைத் தாழ்த்துவார். தாழ்த்திய குரலை இரைச்சல் என்று கணித்து அழித்திருக்கிறது. மகளின் சுருதியைத் தின்ற அதே கணக்கு. பாலத்தில் கண்ட ஆளின் பேர் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு வெற்றுத் துண்டு.

மென்பொருள் எழுதித்தான் சம்பளம் வாங்குகிறேன். மாஸ்டர்ஸ் வேறு படித்தேன். ஒரு கீழ்விழும் பட்டியலைத் திறந்து பார்க்கவில்லை.

திரும்பச் சொல்லும்படி கேட்க எனக்கு மனம் வரவில்லை. ஒரு மாதம் கழித்துக் கேட்டேன். "சொல்லிட்டன்தானே" என்றார். அவ்வளவுதான். அந்த மார்கழியில் அவருக்கு ஒரு சின்னப் பாரிசவாதம் வந்தது. கைகால் தப்பிவிட்டது. குரல் மெலிந்துவிட்டது. சொற்கள் வரக் கொஞ்சம் நேரம் எடுக்கிறது.

அதனால் இப்போது சொல்வதை, வயதானவர்களை வீட்டில் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து கவனியுங்கள். பதிவைத் தொடங்குமுன் மைக்கின் வலையை நகத்தால் மெதுவாகச் சுரண்டுங்கள். திரையில் ஒலிமானி துள்ள வேணும். பிறகு லப்டொப்பின் உடம்பில் தட்டுங்கள். அதற்கு மானி பாய்ந்து துள்ளினால் நீங்கள் பதிவது உள்மைக்கை. ஐந்து செக்கன் வேலை. பிறகு ஒரு நிமிசம் பதிந்து, ஹெட்ஃபோனில் போட்டுக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். மானி ஆடுகிறது என்பதும் நல்ல ஒலி வருகிறது என்பதும் ஒன்றில்லை.

அடுத்தது 'கெயின்' என்ற திருகு. எவ்வளவு பெருக்குவது என்பது அது. கூட்டினால் உரத்த இடத்தில் ஒலி உச்சியில் முட்டிக் கிழிந்துவிடும், கிழிந்ததைப் பிறகு தைக்க முடியாது. "ஹலோ, ஒன்று இரண்டு மூன்று" என்று சொல்லச் சொன்னால் எல்லோரும் பூனை மாதிரிச் சொல்வார்கள். நான் அம்மம்மாவிடம், "ஊரில கோழியைக் கூப்பிடுற மாதிரிக் கூப்பிடுங்கோ" என்றேன். கூப்பிட்டாரே, மெலிந்த குரலிலும்! அந்த உச்சம் மானியில் மைனஸ் 12 டெசிபல் பக்கம் நிற்கும்படி திருகை வைத்தேன். 24 பிட்டில் பதிந்தால் அதற்குக் கீழே போகும் மெல்லிய குரலும் பழுதில்லாமல் இருக்கும், பிறகு உயர்த்தலாம். புதுப் பெட்டிகள் சிலவற்றில் பத்துச் செக்கன் கதைக்கவிட்டுத் தானாக அளவை வைக்கும் வசதியும் இருக்கிறது. எனக்குக் கோழிதான் பிடித்திருக்கிறது.

குரல் மெலிந்த ஆட்களுக்கு டைனமிக் மைக் பாவித்தால் பெட்டிக்குப் பெருக்கும் பலம் வேணும். நான்காம் தலைமுறை ஸ்கார்லெட் சோலோவில் அது 57 டெசிபல் வரை, 2ஐ2இல் 69 வரை. அந்த வித்தியாசத்துக்காகவும், இரண்டு மைக் செருகலாம் என்பதற்காகவும் நான் பழையதை விற்று 2ஐ2 எடுத்தேன். இரண்டாவது மைக் யாருக்கு என்று பிறகு சொல்கிறேன்.

சின்னச் சின்ன விஷயங்கள் சில. லப்டொப்பைச் சார்ஜரிலிருந்து கழற்றி பற்றரியில் ஓடவிடுங்கள். சில சார்ஜர்கள் 'ம்ம்ம்' என்று ஒரு இரைச்சலைச் சேர்க்கும். பெட்டிக்கு வேறு மின்சாரம் தேவையில்லை, யூஎஸ்பியிலேயே எடுக்கும். கேபிள் தொலைந்தால் ஃபோன் சார்ஜ் பண்ணும் ஏதோ ஒன்றைச் செருகாதீர்கள். சார்ஜுக்கு மட்டும் செய்த கேபிளில் தரவு போகாது, பெட்டி செத்த மாதிரிக் கிடக்கும். 2023இல் வந்த ஐஃபோன் 15இலிருந்து ஃபோனிலும் ரைப்-சி துளை இருப்பதால் லப்டொப் இல்லாமலே பதியலாம். ஊருக்குப் போகும்போது கைப்பையில் வைத்துக்கொண்டு போக அதுதான் வசதி. ஃபிரிஜ்ஜை நிறுத்துங்கள், நிறுத்தும்போது கார்ச் சாவியை அதற்குள் வையுங்கள். சினிமா ஒலிப்பதிவுக்காரர்களின் பழைய தந்திரம் இது. திரும்பப் போட மறந்தால் வீட்டை விட்டு வெளிக்கிட முடியாது.

பதிந்ததை எம்பி3 ஆக இல்லாமல் வேவ் கோப்பாக வையுங்கள். 48 கிலோஹேர்ட்ஸ், 24 பிட், ஒரு மைக் என்றால் மணிக்கு அரை கிகாபைட் அளவில் வரும். இந்தக் காலத்தில் அது ஒரு இடமே இல்லை. இரண்டு இடத்தில் பிரதி எடுங்கள். ஆட்களின் பேர், ஊர், திகதியை ஒரு வரியில் எழுதி அதே கோப்புறையில் போடுங்கள். வீட்டு ஆட்கள் சம்மதித்தால் நூலகம் நிறுவனத்தோடும் பேசிப் பார்க்கலாம். 2005இலிருந்து இலங்கைத் தமிழரின் புத்தகங்களை ஒன்லைனில் சேர்த்து வரும் அவர்கள் வாய்மொழி வரலாறுகளையும் சேர்க்கிறார்கள்.

இரண்டாவது மைக் மகளுக்கு. அவளுக்கு ஒன்பது வயது. நான் கேட்டால் "சொல்லிட்டன்தானே" என்பவர், அவள் கேட்டால் சொல்வார் என்று அம்மாதான் யோசனை சொன்னார். ஹெட்ஃபோன் போட்டுக்கொண்டு தன் குரலைத் தானே கேட்டபோது மகளுக்கு ஒரே சந்தோசம். அந்தச் சத்தம் லப்டொப்புக்குள் போய்ச் சுற்றி வந்தால் கொஞ்சம் பிந்திக் கேட்டு நாக்குத் தடுமாறும். பெட்டியில் 'டைரெக்ட்' பொத்தானை அமத்தினால் நேரே கேட்கும். அவள் பாதித் தமிழில் கேள்விகளை எழுதி வைத்திருந்தாள். முதல் கேள்வி: "பூட்டி, நீங்கள் நடக்கேக்க என்ன ஷூ போட்டனீங்கள்?"

நான் வருசக்கணக்கில் கேட்காத கேள்வி. "செருப்புத்தான் குஞ்சு. அதுவும் சேத்துக்குள்ள ஒண்டு போட்டுது" என்று தொடங்கினார். பிள்ளைக்குச் சொல்லும் கதை வேறு கதையாக வந்தது. பாலத்தில் கண்ட ஆள் இதில் இல்லை. பதிலுக்கு, சைக்கிளில் கட்டிக் கொண்டுபோன தையல் மெசினின் தலை இருந்தது. அதை நான் முன்பு கேள்விப்பட்டதேயில்லை. நடுவில் சொல் வராமல் நின்ற இடங்களில் மகள் பொறுமையாக இருந்தாள், நான்தான் அந்தரப்பட்டேன்.

நாற்பத்தோராவது நிமிசத்தில் மகள் கேட்கிறாள்: "அந்த மெசின் இப்ப எங்க?"

பதினொரு செக்கன் ஒன்றுமில்லை. வெட்டாமல் அப்படியே வைத்திருக்கிறேன். ஹெட்ஃபோனில் கேட்டால் அம்மம்மா மூச்சு விடுவதும், கதிரை ஒருக்கால் முனகுவதும் கேட்கும். பிறகு, "சாவகச்சேரியில நாங்கள் நிண்ட வீட்டுப் பிள்ளைக்குக் குடுத்திட்டன். நல்லாத் தைப்பாள்."

அடுத்த ஞாயிறும் போகிறோம். மகளின் கொப்பியில் இன்னும் பதினான்கு கேள்விகள் இருக்கின்றன. அதில் ஒன்று, அந்தப் பிள்ளையின் பேர் என்ன என்பது.