உங்களுக்குத் தெரியுமா? ஒருநாள் விலகி இருந்தவர்கள்

திருச்சி-கரூர் சாலையில் ஜீயபுரத்தைத் தாண்டினால் திருப்பராய்த்துறை. அங்கே காவிரிக் கரையில் 1942-ல் ஸ்ரீ ராமகிருஷ்ண தபோவனத்தைத் தொடங்கியவர் சுவாமி சித்பவானந்தர். கைபேசி இல்லாத அந்தக் காலத்திலேயே ‘அந்தர்யோகம்’ என்ற ஒருநாள் முகாம்களைப் பல ஊர்களில் நடத்தினார். வந்தவர்கள் அன்றாடக் கவலைகளை ஒதுக்கிவிட்டு தியானம், பாராயணம், சொற்பொழிவு என்று இருப்பார்கள். துறவிகளுக்கு மட்டுமென்று வைக்காமல் குடும்பஸ்தர்களுக்கும் அதைத் திறந்துவிட்டாரே, அதுதான் பெரிய காரியம்!

அப்படி விலகி இருப்பது இந்தக் கைபேசிக் காலத்திலும் பலன் தருகிறது. 2022-ல் இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகம் 154 பேரை ஆய்வு செய்தது. ஒரே வாரம் சமூக ஊடகங்களை விட்டவர்களுக்கு மனச்சோர்வும் பதற்றமும் குறைந்திருந்தன.

ஒரு வாரம் முடியாதா? வரும் ஞாயிறு மட்டுமாவது ஃபேஸ்புக்கையும் இன்ஸ்டாகிராமையும் மூடி வையுங்கள்.