கணினி கட்டும் மெட்டு

மெட்டு என்பது மனத்தில் தானாக ஊறுவது என்றே நம்மில் பெரும்பாலோர் எண்ணுகிறோம். ஆனால் இன்று இசை மென்பொருள் ஒன்றிடம் நான்கு சுரக்கூட்டுகளையும் ஒரு தாளக்கட்டையும் கொடுத்தால், கண்ணிமைக்கும் நேரத்தில் அது ஒரு மெட்டை ஒலித்துக் காட்டுகிறது. பிடிக்கவில்லையா? பொத்தானை மீண்டும் அழுத்தினால் இன்னொன்று வரும். மீலாத் விழாவுக்குக் கஸீதா பழகும்போதும் தமிழ்மொழித் தினப் போட்டிக்குக் குழுப்பாடல் தயாரிக்கும்போதும் மெட்டுக்காகத் திண்டாடும் நமக்கு இது பெரிய வசதிதான். ஆனால் அந்த மெட்டு எங்கிருந்து வந்தது? மென்பொருளுக்கு இசை தெரியுமா? அப்படிக் கிடைத்ததை "நாங்கள் அமைத்த மெட்டு" என்று மேடையில் சொல்லலாமா? இவற்றுக்கு விடை காண, முதலில் அந்தப் பொத்தானுக்குப் பின்னால் நடப்பதைப் பார்ப்போம்.

நான்கு அடி, பதினாறு தட்டு

கீபோர்ட் வாசிப்பவர்கள் 'கோர்ட்ஸ்' என்று சொல்வதையே இங்கே சுரக்கூட்டு என்கிறேன். சேர்ந்து ஒலிக்கும்போது இணங்கி நிற்கும் சுரங்களின் தொகுதி அது. கீபோர்டின் 'சி' கட்டையை ச என்று வைத்துக்கொண்டால், சி மேஜர் என்பது ச, க, ப ஆகிய மூன்றும் சேர்ந்தது. ஏ மைனர் என்பது த, ச, க. எஃப் மேஜர் என்பது ம, த, ச. ஜி மேஜர் என்பது ப, நி, ரி. உலகெங்கும் எண்ணற்ற பாடல்கள் இந்த நான்கையும் ஒன்றன்பின் ஒன்றாக வைத்தே அமைந்திருக்கின்றன.

ஓர் அடிக்கு நான்கு தட்டுகள் என்று கொள்வோம். முதலாம் தட்டும் மூன்றாம் தட்டும் வலுவானவை. இரண்டாவதும் நான்காவதும் மெலிந்தவை. மென்பொருளுக்குக் கொடுக்கப்படும் எளிய விதிகள் இரண்டு. ஒன்று: வலுவான தட்டில் அந்த அடியின் சுரக்கூட்டிலுள்ள சுரமே வரவேண்டும். இரண்டு: மெலிந்த தட்டில் பக்கத்துச் சுரம் எதுவும் வரலாம், அது ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்குப் போகும் படிக்கட்டுப் போன்றது. எந்தச் சுரம் என்பதைக் கணினி எழுமாறாகத் தெரிவுசெய்யும்.

கணினியே இல்லாமல் இந்த விதிகளைக் கொண்டு நான் காகிதத்தில் எழுதிய மெட்டு இது:

சி மேஜர்: க ரி ச ரி
ஏ மைனர்: க ரி ச நி
எஃப் மேஜர்: த நி ச ச
ஜி மேஜர்: ரி ச நி ச

(இரண்டாம், மூன்றாம், நான்காம் அடிகளிலுள்ள நி, த ஆகியவற்றைக் கீழ்ஸ்தாயியில் பாட வேண்டும்.) பாடிப் பாருங்கள். எங்கேயும் அபசுரம் தட்டாது. ஆனால் நாளைக் காலையில் இது உங்கள் நினைவில் இருக்குமா என்பது சந்தேகம்தான். விதிகள் தவறைத் தடுத்தன. மனத்தில் நிற்கும் ஒன்றை அவை தரவில்லை. இப்போது மூன்றாம் அடியின் இறுதி 'ச'வை எடுத்துவிட்டு அங்கே மௌனமாக இருங்கள். பாட்டுக்கு ஒரு மூச்சு கிடைக்கிறது. அடுத்து வரும் 'ரி' ஏதோ சொல்ல வருவதுபோலக் கேட்கிறது. நான் சேர்த்தது ஒன்றுமில்லை. ஒரு சுரத்தைக் குறைத்தேன், அவ்வளவுதான்.

இனி, இத்தகைய மெட்டுகள் எத்தனை கிடைக்கும் என்று கணக்கிடுவோம். பதினாறு தட்டுகளிலும் அந்தந்தச் சுரக்கூட்டின் மூன்று சுரங்களில் ஒன்று மட்டுமே வரலாம் என்று இறுக்கமாக வைத்துக்கொண்டாலும், மூன்றைப் பதினாறு தடவை பெருக்க வேண்டும். விடை 4,30,46,721. நிமிடத்துக்கு 120 தட்டு வேகத்தில் ஒரு மெட்டைக் கேட்க 8 விநாடி போதும். ஆனால் எல்லாவற்றையும் உண்ணாமல் உறங்காமல் கேட்டு முடிக்க ஏறத்தாழ 11 ஆண்டுகள் ஆகும்! உயர்தரத்தில் இணைந்த கணிதம் படிக்கும் எனக்கு இந்த எண் வியப்பாக இருந்தது. மெட்டுகளை உண்டாக்குவது கடினமான வேலையே அல்ல. குவிந்து கிடப்பவற்றிலிருந்து எதை எடுப்பது என்பதுதான் கடினம்.

எங்கள் பெல்மதுளைப் பக்கத்து இரத்தினக்கல் குழிகளைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். குழியிலிருந்து மேலே வருவது கல் அல்ல. 'இல்லம' எனப்படும் சரளை மண். அதைக் கூடையிலிட்டு நீரில் சுழற்றிக் கழுவி, கண் பழகிய ஒருவர் குனிந்து பார்த்துத்தான் கல்லை எடுக்கிறார். பொத்தானை அழுத்தும்போது மென்பொருள் நமக்குத் தருவது இல்லமவைத்தான்.

எழுபத்திரண்டும் எண்பத்து நான்கும்

விதியைக் கொண்டு இசையைப் பெருக்குவது கணினி யுகத்தின் கண்டுபிடிப்பு அல்ல. 17ஆம் நூற்றாண்டில் தஞ்சாவூரில், விஜயராகவ நாயக்கரின் ஆதரவில் வேங்கடமகி என்பவர் 'சதுர்தண்டிப் பிரகாசிகை' என்ற நூலை எழுதினார். கர்நாடக சங்கீதத்தின் 72 மேளங்கள் என்ற கணக்கை அதில் காணலாம். ச, ப இரண்டும் மாறாதவை. சவுக்கும் மவுக்கும் நடுவே நான்கு இடங்கள் உண்டு. அவற்றில் இரண்டைத் தெரிந்து ரி, க என்று வைக்க 6 வழிகள். பவுக்கும் மேல் சவுக்கும் நடுவே அதேபோல த, நி வைக்க 6 வழிகள். மவில் இரண்டு வகை. ஆக 6 × 6 × 2 = 72. நாம் வகுப்பில் படிக்கும் சேர்மானக் கணக்கேதான்.

ஆனால் கவனிக்க வேண்டியது வேறொன்று. தம் காலத்தில் வழக்கில் இருந்த மேளங்கள் 19 என்றே வேங்கடமகி குறிப்பிட்டார். மீதி 53ம் கணக்கில் பிறந்தவை; எவர் வாயிலும் இன்னும் பிறக்காதவை. பின்வந்த கலைஞர்கள் அந்த வெற்று அறைகளுக்குள் ஒவ்வொன்றாகப் புகுந்து பாடினார்கள். கோடீஸ்வர ஐயர் (1870–1940) 72 மேளங்களிலும் தமிழிலேயே கீர்த்தனைகள் இயற்றினார். அட்டவணை வாசலைத் திறந்தது. உள்ளே போய் விளக்கேற்றியவர்கள் மனிதர்களே.

இதற்கு நான்கு நூற்றாண்டு முன்பு, பக்தாதில் ஸபியுத்தீன் அல்உர்மவி என்ற அறிஞரும் இதே வழியில் சிந்தித்திருக்கிறார். 'கிதாபுல் அத்வார்' என்ற தம் நூலில், கீழ்ப்பாதிக்கான நாற்சுரக் கட்டுகள் 7ஐயும் மேற்பாதிக்கான ஐஞ்சுரக் கட்டுகள் 12ஐயும் இணைத்து 84 சுரவரிசைகளைக் காட்டினார். அவற்றுள் இசைவாணர்கள் பெரிதாகப் போற்றியவை என்று அவர் தனியே எடுத்துச் சொன்னவை பன்னிரண்டு. எழுபத்திரண்டில் பத்தொன்பது, எண்பத்து நான்கில் பன்னிரண்டு! ஒருவர் தஞ்சையில், மற்றவர் பக்தாதில். இருவரும் கணக்கால் பெருக்கினார்கள். இருவருக்கும் எது இசை என்று சொன்னது காது.

அதே பக்தாதில் 9ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த பனூ மூஸா சகோதரர்கள் மூவர், தானே ஊதும் ஒரு குழற்கருவியை வடிவமைத்து எழுதி வைத்தார்கள். நீர் விசையால் சுழலும் உருளையில் உள்ள முனைகள், குழலின் துளைகளைத் திறந்து மூடும். அந்தக் கருவி மெட்டை ஆக்கவில்லை, வாசித்தது மட்டுமே. ஆனால் 'இன்ன நேரத்தில் இன்ன சுரம்' என்பதை ஒரு பொருளில் பதித்து வைக்கலாம் என்ற எண்ணம் அங்கே இருக்கிறது. இன்றைய மென்பொருளின் திரையில் கட்டங்களை நிரப்பும்போது நாம் செய்வதும் அதுவே.

கணினி தெரிவுசெய்யத் தொடங்கிய கதை

1957ஆம் ஆண்டில் அமெரிக்காவின் இலினோய் பல்கலைக்கழகத்தில் லெஜாரன் ஹில்லர், லியனாட் ஐசக்சன் ஆகிய இருவர் 'இலியாக்' என்ற கணினியைக் கொண்டு நான்கு தந்திக் கருவிகளுக்கான 'இலியாக் சூட்' என்ற இசையை உருவாக்கினார்கள். முறை எளியது. கணினி எழுமாறான எண்களைத் தரும். ஒவ்வோர் எண்ணும் ஒரு சுரம். விதிக்கு ஒவ்வாததைத் தள்ளிவிடும், ஒத்ததை வைத்துக்கொள்ளும். அதன் இறுதிப் பகுதியில் நிகழ்தகவைப் பயன்படுத்தினார்கள். அதாவது, ஒரு சுரத்துக்கு அடுத்து எந்தச் சுரம் வர எவ்வளவு வாய்ப்பு என்று முன்பே வகுத்துவிடுவது. 'ம'வுக்குப் பின் 'க'வுக்கு நூற்றுக்கு ஐம்பது, 'ப'வுக்கு நாற்பது, மற்றவைக்குப் பத்து என்று வைத்துக்கொண்டால், கணினி அந்தச் சாய்வோடு பகடை உருட்டும்.

1990இல் 'பேண்ட்-இன்-ஏ-பாக்ஸ்' என்ற மென்பொருள் வந்தது. சுரக்கூட்டுகளைத் தட்டச்சு செய்து ஒரு பாணியைத் தெரிந்தால், பக்கவாத்தியம் முழுவதையும் அது வாசிக்கும். பிற்காலப் பதிப்புகள் மெட்டையும் புனைந்து தரும். இன்றைய செயற்கை நுண்ணறிவு இன்னொரு படி மேலே போய், விதிகளை எவரும் எழுதிக் கொடுக்காமலே, ஏராளமான பாடல்களிலிருந்து அந்த வாய்ப்புகளைத் தானே கற்றுக்கொள்கிறது.

கட்டத்துக்குள் அடங்காதவை

இங்கேதான் நமக்குரிய கவலை இருக்கிறது. பெரும்பாலான மென்பொருள்கள் ஒரு ஸ்தாயியைச் சமமான 12 படிகளாகவே எண்ணுகின்றன. தோடி இராகத்தின் காந்தாரம் ஒரு படியில் நிற்பதில்லை, அசைந்துகொண்டே இருக்கும். அரபு இசையின் 'ராஸ்த்' மகாமில் மூன்றாம் சுரம் கீபோர்டின் இரு கட்டைகளுக்கு இடையில் ஒலிக்கும். கட்டத்தில் இடம் இல்லாததால் இவை இரண்டும் மென்பொருளின் மெட்டில் தாமாக வருவதில்லை. முடியாத காரியம் அல்ல இது. எம். சுப்பிரமணியன் உருவாக்கிய 'காயகா' என்ற மென்பொருள், கர்நாடக சுரங்களை எழுதிக் கொடுத்தால் கமகத்தோடு ஒலிக்கும். ஒரே சுரம் ஒவ்வோர் இராகத்திலும் வெவ்வேறு விதமாக அசையும் என்பதை அறிந்த ஒருவர், அதைப் பொறுமையாகக் கணினிக்குச் சொல்லிக் கொடுத்ததன் பலன் அது.

தாளமும் அப்படியே. பாணிகளின் பட்டியலில் வால்ட்ஸ், பொஸ்ஸா நோவா முதலியன தயாராக இருக்கும். தோட்டத்துக் காமன் கூத்தில் கேட்கும் தப்பின் அடியோ நம் பெரியவர்கள் தட்டிய றபானின் அடியோ வேண்டுமானால், பெரும்பாலும் நாமேதான் தட்டிப் பதிய வேண்டும். பதியாவிட்டால் என்ன ஆகும்? இரத்தினபுரியில் இருப்பவரும் இலண்டனில் இருப்பவரும் ஒரே பொத்தானை அழுத்தி ஒரே சாயலில் பாடிக்கொண்டிருப்போம். மென்பொருள் எதையும் அழிக்காது. தனக்குத் தெரியாததைச் சொல்லாமல் விட்டுவிடும். எவரும் கேட்காதது தானாகவே மறைந்துபோகும்.

தொடக்கத்தில் எழுந்த கேள்விக்கு இப்போது விடை சொல்லலாம். மென்பொருளுக்கு இசை தெரியாது, வாய்ப்புகள் தெரியும். அது தந்ததை அப்படியே பாடினால், அது மென்பொருள் தந்தது என்று சொல்வதே நேர்மை. நூறில் ஒன்றைக் காதால் தேர்ந்து, சொல்லுக்கேற்ப நீட்டிக் குறைத்து, மௌனம் வைக்க வேண்டிய இடத்தில் மௌனம் வைத்தால், "கணினியின் உதவியோடு நாங்கள் அமைத்தது" என்று தலைநிமிர்ந்து சொல்லலாம்.

ஆகவே தோழியரே, அடுத்த விழாவுக்கு மெட்டுத் தேடும்போது மென்பொருளைத் தாராளமாகத் திறங்கள். ஆனால் அதற்கு முன் வீட்டிலுள்ள பெரியவர்களிடம் ஒரு பழைய பாட்டைப் பாடச் சொல்லி, கைத்தொலைபேசியில் பதிந்துகொள்ளுங்கள். எதைத் தேர்வது என்று காதுக்குப் பழக்க, அதைவிட நல்ல பாடம் இல்லை.