இணைப்பு அறுந்தால் எங்கே தேடுவது?

வயலுக்குத் தண்ணீர் வராவிட்டால் நாம் குளத்தைக் குறை சொல்லிக்கொண்டு இருப்பதில்லை. வக்கடை, வாய்க்கால், துருசு என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போகிறோம். இணையத் தொலைபேசி பேசாமற் போகும்போதும் இதுவே வழி. முகாமில் தாயும், ஊரில் காணி பார்க்கப் போன தகப்பனும், வெளிநாட்டில் மகனுமாகப் பிரிந்து வாழும் எமது குடும்பங்களுக்கு இந்த அறிவு அவசியமானது.

முதலில் மின்சாரத்தைப் பார்ப்போம். பழைய செப்புக்கம்பித் தொலைபேசிக்கு வேண்டிய 48 வோல்ற் மின்சாரம் தொலைபேசி நிலையத்திலிருந்தே வந்தது. ஆகவே வீடு இருண்டாலும் மணி அடித்தது. இணையத் தொலைபேசியோ வீட்டு மின்சாரத்தில் தங்கியிருக்கிறது. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு நீடித்ததை நாம் மறக்கவில்லை. றூட்டர் பெட்டிக்கென விற்கும் சிறிய பற்றரி சில மணி நேரம் கைகொடுக்கும். வாங்குமுன் பெட்டியின் அடியில் எத்தனை வோல்ற் என்று எழுதியிருப்பதைப் பார்க்க வேண்டும்.

அடுத்தது பெட்டி. அதை நிறுத்தி, அரை நிமிடம் பொறுத்து, மீண்டும் போடுவோம். ஊசியால் அழுத்தும் சிறு துவாரத்தைத் தொடக்கூடாது. உள்ளே பதிந்துள்ள ஒழுங்குகள் யாவும் அழிந்துவிடும். ஒளியிழை இணைப்பில் 'எல்.ஓ.எஸ்.' விளக்கு சிவப்பாக மின்னினால் இழையில் ஒளி வரவில்லை என்று பொருள். அதை நிறுவனத்தாரே திருத்த வேண்டும்.

மூன்றாவது, சேவை. மற்ற இணையப் பக்கங்கள் திறந்து, வட்ஸ்அப் மட்டும் வேலை செய்யாவிட்டால், பழுது நம்மிடம் இல்லை. 2021 ஒக்டோபர் 4 அன்று அது உலகெங்கும் சுமார் 6 மணி நேரம் நின்றது. 2019 ஏப்ரல் 21 குண்டுவெடிப்புகளின் பின் அரசாங்கமே அதைத் தடைசெய்தது. இப்படியான நேரங்களில் சாதாரண அழைப்பை முயல வேண்டும். அது வேறு பாதையால் செல்வது. அதற்கென்று சிறிது பணத்தைக் கைத்தொலைபேசியில் எப்போதும் மீதி வைத்திருப்போம்.

குரல் துண்டு துண்டாக வந்தால் முதலில் படத்தை நிறுத்துவோம். அப்போதும் சரிவராவிட்டால் எழுத்தில் அனுப்புவோம். பேச்சுக்கு இடையறாத ஓட்டம் வேண்டும். எழுத்துச் செய்தியோ காத்திருந்து, இணைப்பு வந்ததும் போய்ச் சேரும்.

இறுதியாக ஒரு வேண்டுகோள். பற்றரி தீர்ந்த கைத்தொலைபேசியில் ஓர் இலக்கமும் கிடையாது. ஆகவே உறவினரின் இலக்கங்களோடு அம்புலன்ஸ் 1990, அனர்த்த முகாமைத்துவ நிலையம் 117, பொலிஸ் 119 ஆகியவற்றையும் ஒரு தாளில் எழுதி, அடையாள அட்டையோடு வைத்திருங்கள். இணைப்பு அறுந்தால் எந்த நேரத்தில், யார் யாரை அழைப்பது என்பதையும் குடும்பமாக முன்கூட்டியே பேசி முடிவு செய்யுங்கள். வெள்ளம் வந்தபின் வரம்பு கட்ட முடியாது என்பதை உழவர்களாகிய நமக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை.