பழைய நிலப்படங்களும் அயர்லாந்தின் குடிவரலாறும்

நிலப்படம் வழி காட்டுதற்கும் வரி கூட்டுதற்குமே உரியது என்பது பலர் கருத்து. அது தவறன்று. ஆயினும் வரி விதிப்பதற்கென்றே வரையப்பட்ட படங்கள் சில, அவற்றை வரைந்தோர் கனவிலும் எண்ணாத வேறொரு பணியை இன்று செய்து வருகின்றன. பெயரும் எழுதப்படாமல் மறைந்துபோன ஏழைக் குடிகள் இருந்த இடத்துக்கு அவையே சாட்சியாய் நிற்கின்றன. அயர்லாந்து நாட்டின் ஆறங்குலப் படங்கள் அத்தகையன. அவற்றைக் கொண்டு ஒரு சிற்றூரின் வரலாற்றையும், அவ்வூரினின்று வந்த ஒரு குடும்பத்தின் குலமுறையையும் ஆராயுமாறு எங்ஙனம் என்பதை ஈண்டு விளக்கப் புகுகின்றோம்.

குலமுறை ஆராய்வோர் முதற்கண் நாடுவன குடிக்கணக்கும் ஞானஸ்நானப் பதிவேடும் ஆகும். அயர்லாந்தில் 1821 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை குடிக்கணக்கு எடுக்கப்பட்டது. ஆனால் அவ்வேடுகளுக்கு நேர்ந்த கதி இரங்கத்தக்கது. 1861, 1871 ஆம் ஆண்டுகளின் வீட்டுவாரி ஏடுகளைக் கூட்டுத்தொகை எடுத்தபின் அரசாங்கத்தாரே அழித்துவிட்டனர். 1881, 1891 ஆம் ஆண்டுகளின் ஏடுகள் முதல் உலகப்போர்க் காலத்தில் காகிதக் கூழாயின. 1821 முதல் 1851 வரை எடுக்கப்பட்ட நான்கு கணக்குகளும் டப்ளின் நகரத்தில் நீதிமன்றக் கட்டிடத்தை அடுத்திருந்த ஆவணக் களரியில் இருந்தன. உள்நாட்டுப் போர் மூண்ட 1922-ஆம் ஆண்டு ஜூன் திங்கள் 30-ஆம் நாள் அக்களரி வெடித்து எரிந்தது. சிற்சில சிதறல்கள் தவிர யாவும் சாம்பலாயின. ஆங்கிலத் திருச்சபையைச் சார்ந்த அயர்லாந்துச் சபையாரின் பழைய பதிவேடுகளும் பல அவ்வெரியில் மாண்டன. நாடு முழுமைக்கும் இன்று கிடைக்கும் மிகப் பழைய குடிக்கணக்கு 1901-ஆம் ஆண்டினதே. எல்லாச் சமயத்தாருடைய பிறப்பு இறப்புகளையும் அரசாங்கம் பதியத் தொடங்கியதோ 1864-இல்.

இதற்கு முன்னரே 1845-இல் உருளைக்கிழங்குப் பயிரை நோய் பற்றியது. அடுத்த சில ஆண்டுகளில் ஏறக்குறையப் பத்து லட்சம் மக்கள் பசியாலும் காய்ச்சலாலும் மடிந்தனர். அத்தொகைக்குக் குறையாதார் கடல் கடந்து அமெரிக்கா முதலிய நாடுகளுக்கு ஓடினர். 1841-இல் 81 லட்சத்துக்கு மேற்பட்டிருந்த மக்கட்டொகை 1851-இல் 65 லட்சமாகக் குறைந்தது. எனவே அந்நாட்டு எளிய குடி ஒன்றின் வழியைத் தேடுவோர்க்குப் பஞ்சத்தின் இக்கரையில் ஏடுகள் உண்டு. அக்கரையில் பெரும்பாலும் இருளே. அவ்விருளில் தப்பி நிற்கும் விளக்கு நிலப்படம்.

இப்படங்களின் பிறப்பைக் கூறுவாம். நிலத்தின் மேல் விதிக்கப்பட்ட உள்ளூர் வரி ஊருக்கு ஊர் ஒவ்வாது இருந்தமையால், எல்லைகளையும் பரப்பையும் செவ்வையாக அளந்த பின்னரே வரியைச் சீர்செய்தல் கூடும் என்று கண்டு, 1824-இல் அரசாங்கத்தார் அளவை வேலையைத் தொடங்கினர். தலைவராய் அமைந்தவர் தாமஸ் கோல்பி என்னும் படைத்துறை அதிகாரி. நிலத்தில் ஒரு மைல் தாளில் ஆறங்குலமாக வரவேண்டும் என்பது திட்டம். அவ்வளவில் ஒவ்வொரு வீடும் சிறு கரும்புள்ளியாகவேனும் புலப்படும். முதற்கண் 1833-இல் லண்டன்டெரி கௌண்டியின் படங்கள் வெளிவந்தன. இறுதியாகக் கெர்ரி கௌண்டியின் படங்கள் 1846-இல் வந்தன. இவ்வாண்டுகளை அன்பர்கள் கருத்திற் கொள்க. பஞ்சம் வந்து கதவைத் தட்டுமுன், நாட்டிலுள்ள கதவுகளையெல்லாம் ஒருவர் எண்ணிக் குறித்து வைத்தாற்போல அமைந்தது இவ்வேலை. குறித்தவர்க்கு அது தெரியாது.

நம் நாட்டு அளவைக்கும் இதற்கும் ஓர் உறவுண்டு. 1802-இல் லாம்டன் என்பார் சென்னைக்கு அருகிலுள்ள பரங்கிமலைப் பக்கத்தில் அடிக்கோடு அளந்து தொடங்கிய பெரு முக்கோண அளவையை, அவருக்குப்பின் எவரெஸ்ட் ஏற்று நடத்தினார். அவர் விடுமுறையிற் சென்றிருந்தபோது 1829-இல் அயர்லாந்துக்குப் போய்க் கோல்பியின் முறைகளை நேரிற் கண்டார். வெப்பத்தால் உலோகம் நீள்வதால் வரும் பிழையை நீக்கக் கோல்பி பித்தளையும் இரும்பும் இணைத்து ஒருவகை அளவுகோல் அமைத்திருந்தார். அக்கோல்களைப் போன்றவையே எவரெஸ்டுடன் இந்தியா வந்து, 1831-32-இல் கல்கத்தா அடிக்கோட்டை அளக்கப் பயன்பட்டன. நிற்க.

அயர்லாந்தின் கௌண்டிகள் 32. ஒவ்வொன்றும் பாரனிகளாகவும், பாரனி பாரிஷ்களாகவும், பாரிஷ் 'டவுன்லாண்டு'களாகவும் பிரியும். டவுன்லாண்டு என்னும் பெயரைக் கண்டு நகரம் என மயங்கற்க. சில நூறு ஏக்கர் பரப்புள்ள வெறும் நிலப்பகுதியே அது. ஆளில்லாத மலைச்சரிவும் டவுன்லாண்டாதல் உண்டு. நாடு முழுவதும் அறுபதினாயிரத்துக்கு மேற்பட்டவை உள்ளன. ஓர் ஐரிஷ் குடியானவனை எவ்வூர் என்று வினவினால் அவன் சொல்வது டவுன்லாண்டின் பெயரையே. ஆகவே குலமுறை தேடுவோர்க்கு அப்பெயரே திறவுகோல்.

ஆனால் திறவுகோல் சில வேளை பூட்டிற் பொருந்துவதில்லை. பெயர்கள் பெரும்பாலும் கேலிக் மொழியில் உள்ளவை. அளந்தோர் மொழியோ ஆங்கிலம். தூத்துக்குடியை 'டூட்டிகோரின்' ஆக்கிய கதையை அறிந்த நமக்கு இவ்விடர்ப்பாட்டை விரித்துரைத்தல் மிகை. நாட்டுமொழிப் புலவராகிய ஜான் ஓடோனவன் என்பவரை 1830-இல் இவ்வேலைக்கு அமர்த்தினர். அவர் கௌண்டி கௌண்டியாக நடந்து, முதியோர் வாய்ச்சொல் கேட்டு, பழஞ்சுவடிகளோடு ஒப்பிட்டு, ஒவ்வோர் ஊர்ப்பெயருக்கும் மூலத்தையும் பொருளையும் ஆராய்ந்து எழுதினார். 'பாலி' என்று தொடங்கும் பெயரில் இருப்பது பெரும்பாலும் ஊர் எனப் பொருள்படும் 'பாலே' என்னும் சொல். 'நாக்' என்பது குன்று. 'கில்' என்பதோ இருபொருட்டு: கோயிலைக் குறிக்கும் சொல்லும் காட்டைக் குறிக்கும் சொல்லும் ஆங்கில எழுத்தில் ஒன்றாகிவிட்டன. படத்தை மட்டும் பார்த்து அவ்வூரில் பண்டு கோயில் இருந்தது என்று முடிவு செய்வோர் காட்டில் திரிய நேரிடும். இப்பெயர் மாற்றத்தை ஒரு பண்பாட்டு அழிவாகவே காட்டுகிறது, பிரையன் பிரீல் 1980-இல் எழுதிய 'மொழிபெயர்ப்புகள்' என்னும் நாடகம். அக்குற்றச்சாட்டில் உண்மையுண்டு. ஆயினும் பழைய வடிவங்கள் எல்லாவற்றையும் பெயர்ப் புத்தகங்களில் வரிசையாக எழுதிவைத்ததும் அவ்வளவைத் துறையே. அதனை மறந்து ஓடோனவனைப் பழித்தல் நன்றன்று என்பது எம் கருத்து.

இனி ஆராயும் முறை. அமெரிக்காவிலுள்ள ஒரு குடும்பத்தார், தம் பாட்டனாரின் பாட்டனார் மேயோ கௌண்டியில் இன்ன ஊரினர் என்று செவிவழியாக ஒரு பெயரை மட்டும் அறிவர் என்று கொள்வோம். 1851-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கை ஒட்டி டவுன்லாண்டுகளுக்கு ஓர் அகராதி அச்சிடப்பட்டுள்ளது. அதில் ஒவ்வொரு பெயருக்கும் நேரே பரப்பு, பாரிஷ், பாரனி ஆகியவற்றோடு ஆறங்குலப் படத்தின் தாள் எண்ணும் இருக்கும். ஒரே பெயர் பல பாரிஷ்களில் வருவதால், ஒலியில் ஒத்தவற்றையெல்லாம் முதலில் எழுதிக்கொள்ள வேண்டும். அடுத்து நாடவேண்டுவது 1847 முதல் 1864 வரை வெளிவந்த ரிச்சர்டு கிரிபித்தின் மதிப்பீட்டு நூல். நம் கிராமக் கணக்கரின் அடங்கலைப் போன்றது அது. ஒவ்வொரு டவுன்லாண்டிலும் நிலத்தை அனுபவிப்பவர் யார், அவருக்குக் குத்தகைக்கு விட்டவர் யார், வீடு உண்டா, ஏக்கர் எத்தனை, ஆண்டு மதிப்பு என்ன என்பனவெல்லாம் அதில் உள. ஓர் ஊரில் ஒரே பெயருடையார் இருவர் இருந்தால், வேறுபாடு அறியத் தந்தை பெயரைப் பக்கத்தில் எழுதியிருப்பர். பெயருக்கு முன் தந்தையின் முதலெழுத்தை இட்டுக்கொள்ளும் நமக்கு இது புதிதன்று; ஆனால் அவ்வொரு சொல்லே ஒரு தலைமுறையை மேலே ஏற்றிவிடுகிறது.

அந்நூலின் முதற்பத்தியில் ஓர் எண்ணும் எழுத்தும் காணப்படும். அலட்சியம் செய்யத்தக்க குறியன்று அது. மதிப்பீட்டார் ஆறங்குலப் படத்தின் தாள்களையே எடுத்து, ஒவ்வொருவர் நிலத்தையும் அதன்மேல் கோடிட்டு, அதே எண்ணைப் பொறித்தனர். எண் நிலத்தையும், பெரிய எழுத்து அதன் துண்டுகளையும், சிறிய எழுத்து வீட்டையும் குறிக்கும். ஆகவே பட்டியலிற் கண்ட பெயரைப் படத்திற் கண்ட வீட்டின்மேல் வைத்துவிடலாம். அதற்குப் பிந்திய மாற்றங்களை மதிப்பீட்டு அலுவலர் தம் கைப்பிரதிகளில் பல நிற மைகளால் திருத்தி வந்தனர். பழைய பெயரை அடித்துப் புதிய பெயர் எழுதப்பட்ட ஆண்டு, தந்தை இறந்த ஆண்டாகவோ குடும்பம் கப்பலேறிய ஆண்டாகவோ இருத்தல் கூடும்.

இங்கு நிலப்படம் வேறோர் உதவியும் செய்கிறது. கத்தோலிக்கப் பங்கின் எல்லை அரசாங்கப் பாரிஷ் எல்லையோடு ஒத்திருப்பதில்லை. படத்தை விரித்து வைத்து, வீட்டினின்று கோயிலுக்குச் செல்லும் பாதையைப் பார்க்க வேண்டும். இடையே பாலமற்ற ஆறு ஒன்று ஓடுமாயின், அக்குடும்பத்தார் குழந்தைகளை ஆற்றின் இக்கரையிலுள்ள பக்கத்துப் பங்கின் கோயிலுக்கே எடுத்துச் சென்றிருக்கலாம். அப்பங்கின் ஏட்டையும் தேடவேண்டும். ஏட்டில் இல்லை என்று கைவிடப்பட்ட பெயர்கள் அடுத்த பங்கின் ஏட்டில் அகப்படுதல் உண்டு.

இதுகாறும் கூறியது பஞ்சத்துக்குத் தப்பியவர் கதை. தப்பாதவர் கதை எங்கே? கிரிபித்தின் நூல் மேற்குக் கௌண்டிகளை எட்டுமுன் பஞ்சம் தன் வேலையை முடித்துவிட்டது. மாண்டவர் பெயர் அதில் இராது. சிறுகுடிலில் கூலிக்கு இருந்தோர் பலர் பெயரும் இராது. இவ்விடத்திலேதான் படத்தோடு படத்தை ஒப்பிடல் வேண்டும். 1830-களில் அளந்த தாளில், மலைச்சரிவொன்றில் முப்பது நாற்பது கரும்புள்ளிகள் நெருங்கிக் கிடக்கும். தெருவில்லை, கடையில்லை, கோயிலும் இல்லை. உறவினர் பலர் கூடிவாழ்ந்து நிலத்தைப் பொதுவிற் பகிர்ந்து உழுத குடியிருப்பு அது. பின்பு 1888 முதல் 1913 வரை, ஒரு மைலுக்கு 25 அங்குலம் என்னும் அளவில், பயிர்நிலப் பகுதிகளுக்குப் புதிய படங்கள் வரையப்பட்டன. அவற்றில் அதே சரிவைப் பார்த்தால், நேர்வேலிகளுக்கிடையே ஓர் ஆட்டுப்பட்டி மட்டும் இருக்கக் காண்பதுண்டு. இடையில் நிகழ்ந்ததைப் படம் சொல்லாது. 1851-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின் அச்சிட்ட தொகுப்பு சொல்லும். வீட்டுவாரி ஏடுகள் எரிந்தபோதிலும், டவுன்லாண்டுவாரியாக 1841-இலும் 1851-இலும் வீடு இத்தனை, தலை இத்தனை என்னும் தொகைகள் அச்சில் நிலைத்தன.

வீடுகள் மறைந்ததற்குப் பசி மட்டும் காரணமன்று. நான்கு பவுனுக்கு மேற்படாத மதிப்புடைய நிலத்துக்கு ஏழையர் வரியைக் குடியானவன் அல்லன், நிலக்கிழாரே கட்டவேண்டும் என்று 1843-இல் சட்டம் வந்தது. சிறுகுடிகள் பலரை வைத்திருத்தல் நிலக்கிழார்க்கு நட்டமாயிற்று. கால் ஏக்கருக்கு மேல் நிலம் வைத்திருப்பவனுக்கு உதவி இல்லை என்று 1847-இல் மற்றொரு விதி வந்தது. கஞ்சிக்காக நிலத்தை விட்டவன், பலகாலும் வீட்டையும் இழந்தான். மீண்டும் குடிபுகாவண்ணம் கூரையைப் பிரித்தெறிந்தனர். முந்திய படத்தில் புள்ளி இருத்தலும் பிந்திய படத்தில் இல்லாமையும் இவ்விரு சட்டங்களையும் அறிந்தார்க்கே பொருள் தரும்.

எனினும் எச்சரிக்கை வேண்டும். வடபகுதிகளை முதலில் அளந்தபோது வயல்வேலிகளைப் படத்திற் குறிக்கவில்லை. வேலி இல்லாமை கண்டு வயல் இல்லை என்றல் தவறு. மேயோ கௌண்டியின் அக்கில் தீவில், ஸ்லீவ்மோர் மலையின் தென்சரிவில், எண்பது முதல் நூறு வரையான கல்வீடுகள் கூரையின்றி ஒரு மைல் நீளத்துக்கு நிற்கின்றன. 1838-ஐ ஒட்டி அளந்த படத்தில் அவ்வூர் உண்டு. காண்போர் அனைவரும் பஞ்சமே அதனைப் பாழாக்கிற்று என்பர். ஆனால் அடுத்துள்ள ஊரார் கோடைக்காலத்தில் மாடு மேய்க்க வந்து தங்கும் இடமாக அது பஞ்சத்துக்குப் பின்னும் நெடுங்காலம் வழங்கிற்று. ஒரு புள்ளியைக் கண்ட மாத்திரத்தில் அது என் முன்னோன் வீடே என்று துணிவோர், பிறன் மாட்டுக் கொட்டிலின் முன் கண்ணீர் விடவும் கூடும். படம் வீட்டைக் காட்டும். வீட்டினுள் இருந்தவர் யாவர் என்று அது சொல்வதில்லை. பெயர் கிடைக்காத இடத்தில் நின்றுவிடுதலே நேர்மை. ஒத்த பெயர் ஒன்றை எங்கிருந்தோ கொணர்ந்து கொடிவழியில் ஒட்டவைப்பதைக் காட்டிலும், இச்சரிவில் 1841-இல் இத்தனை பேர் இருந்தனர், அவருள் நம்மவரும் இருந்திருக்கலாம் என்று எழுதிவைப்பது மேல்.

இப்படங்களும் மதிப்பீட்டு நூலும் இன்று கணினித் திரையில் எவரும் காணுமாறு வைக்கப்பட்டுள்ளன. கத்தோலிக்கப் பங்குகளின் பழைய ஏடுகளை டப்ளினிலுள்ள தேசிய நூலகத்தார் 2015-இல் பொதுவில் வெளியிட்டனர்.

படங்களைத் துருவிப் பார்ப்போர் மற்றொரு குறியையும் காண்பர். வயல் மூலையிலோ பழைய கோட்டைமேட்டிலோ கடற்கரையிலோ, வீடு ஏதும் இல்லாத இடத்தில், 'குழந்தைகள் அடக்க நிலம்' என்று சிறிய எழுத்தில் பொறித்திருக்கும். ஞானஸ்நானம் பெறுமுன் இறந்த சிசுக்களைக் கோயில் தோட்டத்தில் புதைக்க இடம் தராமையால், ஊரார் அவற்றை இத்தகைய இடங்களில் அடக்கி, தலைமாட்டில் பெயரெழுதாத கல்லொன்றை நட்டனர். 'கில்லீன்' என்பது அதற்கு வழங்கும் பெயர். மேலே கண்ட 'கில்' என்னும் சொல்லின் வழிவந்தது. ஞானஸ்நானம் பெறாதவையாதலால் அக்குழந்தைகள் எந்தப் பங்கின் ஞானஸ்நான ஏட்டிலும் இல்லை. அளவைக்காரர் மட்டும், ஊரார் காட்டிய இடத்தை அளந்து, படத்தில் இட்டுச் சென்றனர்.