இரண்டு பல்லைக் குறைக்க இரண்டாயிரம் டாலர்

அமெரிக்காவில் பிக்கப் டிரக் வாங்குகிறவர்களில் பலர் முதலில் கைவைப்பது டயரில்தான். கம்பெனி கொடுத்த 31 அங்குல டயரைக் கழற்றிவிட்டு 35 அங்குலத்தை மாட்டினால் வண்டி நிமிர்ந்து நிற்கும். பாறையோ பள்ளமோ அடிவயிற்றில் தட்டாது. தெருவில் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். முதல் மலைப்பாதை வந்ததும்தான் சங்கதி வெளியே வரும். இன்ஜின் திணறும். கியர்பாக்ஸ் மேல் கியருக்குப் போவதும் உடனே கீழே இறங்குவதுமாக அல்லாடும். பின்னால் ஒரு படகையோ டிரெய்லரையோ கட்டியிருந்தால் கேட்கவே வேண்டாம்.

காரணம் எளிய கணக்குதான். 31 அங்குல டயர் ஒருமுறை சுழன்றால் வண்டி சுமார் 2.47 மீட்டர் நகரும். 35 அங்குல டயர் 2.79 மீட்டர் நகர்த்தும். சக்கரத்தின் ஆரம் கூடக்கூட, அதே முறுக்குவிசை தரையைத் தள்ளும் வலிமை குறைந்துவிடும். இங்கே இழப்பு ஏறக்குறைய 11 சதவீதம். போதாக்குறைக்கு ஸ்பீடோமீட்டரும் பொய் சொல்ல ஆரம்பிக்கும்: முள் 100-ல் நிற்கும்போது வண்டி உண்மையில் 113 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருக்கும்.

இதற்கு வைத்தியம் இன்ஜினில் இல்லை, பின் அச்சின் நடுவே இருக்கிறது. அங்கே புடைத்துக்கொண்டிருக்கும் இரும்புக் கூட்டை அமெரிக்க மெக்கானிக்குகள் பூசணிக்காய் என்கிறார்கள். அதற்குள் இரண்டு பல்சக்கரங்கள். இன்ஜினிலிருந்து வரும் புரொப்பெல்லர் ஷாஃப்டின் முனையில் சிறியதாக பினியன். அதோடு செங்குத்தாகக் கடித்துக்கொண்டு நிற்கும் பெரிய தட்டு கிரவுன். கிரவுனின் பற்களைப் பினியனின் பற்களால் வகுத்தால் வருவதுதான் அச்சு விகிதம். கிரவுனில் 41, பினியனில் 11 என்றால் 3.73. பினியனில் 10 பல் என்றால் 4.10. ஒன்பதே பல் என்றால் 4.56.

ஆக, 3.73-லிருந்து 4.56-க்குப் போவது என்பது ஒரு பினியனில் இரண்டு பல்லைக் குறைப்பதுதான். அந்த இரண்டு பல் குறைந்ததும் சக்கரத்துக்குப் போய்ச்சேரும் முறுக்குவிசை 22 சதவீதம் கூடிவிடுகிறது. மணிக்கு 105 கிலோமீட்டர் வேகத்தில், கியர்பாக்ஸ் நேரடி விகிதத்தில் இருக்கும்போது, பழைய டயரில் நிமிடத்துக்கு சுமார் 2,640 சுற்று சுழன்ற இன்ஜின், பெரிய டயரை மாட்டியதும் 2,340-க்கு விழுந்திருக்கும். 4.10 போட்டால் 2,570-க்கு ஏறும், 4.56 போட்டால் 2,860-க்குப் போகும். பழைய நிலைக்குக் கிட்டத்தட்டத் திரும்பினால் போதும் என்பவர்களுக்கு முதல் எண். பாரம் இழுப்பவர்களும் மலையேறுபவர்களும் இரண்டாவதைத் தேர்ந்தெடுப்பார்கள்.

எண்ணிக்கை 41 என்று இருப்பது தற்செயல் அல்ல. அது பகா எண். பினியனின் ஒவ்வொரு பல்லும் கிரவுனின் எல்லாப் பற்களையும் முறைவைத்துச் சந்தித்துவிட்டுத்தான் மீண்டும் பழைய ஜோடிக்கு வரும். தேய்மானம் ஒரே இடத்தில் குவியாமல் பரவும்.

இப்போது பில்லைப் பார்க்கலாம். கிரவுனும் பினியனும் சேர்ந்த ஒரு ஜோடி, பிராண்டைப் பொறுத்து, பொதுவாக 200 முதல் 400 டாலருக்குக் கிடைக்கும். பேரிங், சீல், ஷிம் எல்லாம் அடங்கிய பெட்டிக்கு இன்னும் நூறு, இருநூறு. கூலிதான் பெரிது: ஒரு அச்சுக்குப் பல மணி நேர வேலை. நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டியாக இருந்தால் முன் அச்சுக்கும் இதே செலவை இன்னொரு முறை செய்ய வேண்டும். இரண்டும் சேர்ந்து 1,500 டாலரில் தொடங்கி 3,000 டாலரைத் தொடுவது சாதாரணம்.

முன்னால் விட்டுவிட்டுப் பின்னால் மட்டும் மாற்றினால் ஆகாதா? ஆகாது. நான்கு சக்கர இயக்கத்தைப் போட்டதும் முன், பின் ஷாஃப்டுகள் இரண்டும் ஒரே வேகத்தில் பூட்டப்பட்டுவிடும். முன்னால் 3.73, பின்னால் 4.10 என்றால் முன் சக்கரங்கள் ஒரு வேகத்தையும் பின் சக்கரங்கள் வேறொரு வேகத்தையும் கேட்கும். மணலில் டயர் சறுக்கிச் சமாளிக்கும். காய்ந்த தார்ச்சாலையில் ஏதாவது ஒன்று உடையும். 4.10-க்கும் 4.11-க்கும் உள்ள அளவு சின்ன வித்தியாசத்தை மட்டும் மெக்கானிக்குகள் பொறுத்துக்கொள்கிறார்கள். 37 பல் கிரவுனும் 9 பல் பினியனும் கொண்ட ஜோடி 4.11 தரும்.

பழைய இரும்பைக் கழற்றிப் புதிய இரும்பை மாட்டுவதற்கா இவ்வளவு கூலி என்று கேட்பவர்கள் அந்த வேலையைப் பக்கத்தில் நின்று பார்த்ததில்லை. மாட்டுவது சிறிது நேரத்தில் முடிந்துவிடும். மீதி நேரமெல்லாம் அளப்பதிலும், அளந்தது சரியில்லை என்று மறுபடி பிரிப்பதிலும் போகும்.

முதல் அளவு, பினியன் எவ்வளவு ஆழமாக உள்ளே நிற்கிறது என்பது. பினியனின் தலைக்கும் அதன் பேரிங்குக்கும் இடையே மெல்லிய எஃகு வளையங்களான ஷிம்களைச் செருகி இதைச் சரிசெய்வது பல அச்சுகளில் வழக்கம். 0.05 மில்லிமீட்டர் ஷிம் ஒன்று கூடினாலோ குறைந்தாலோ பற்கள் தொட்டுக்கொள்ளும் இடம் நகர்ந்துவிடும். மனித முடியின் தடிமன்கூட அதைவிட அதிகமாக இருக்கலாம். சிக்கல் என்னவென்றால், ஷிம் பேரிங்குக்கு அடியில் இருக்கிறது. பேரிங்கோ பிரஸ்ஸில் வைத்து அழுத்தி ஏற்றப்பட்டது. ஒவ்வொரு முறை ஷிம் மாற்றவும் அதைப் பிடுங்கியாக வேண்டும். பிடுங்கும்போது புது பேரிங் கெட்டுப்போகவும் வாய்ப்புண்டு. அனுபவசாலிகள் இதற்கு ஒரு தந்திரம் வைத்திருக்கிறார்கள். பழைய பேரிங் ஒன்றின் உள்துளையைச் சற்றே தேய்த்துப் பெரிதாக்கி, கையாலேயே போட்டு எடுக்கும்படி செய்துகொள்வார்கள். ஒத்திகையெல்லாம் அதில் நடக்கும். அளவு அமைந்த பிறகுதான் புது பேரிங் பிரஸ்ஸுக்குப் போகும்.

இரண்டாவது, பற்களுக்கு இடையே இருக்க வேண்டிய பிளே. பொதுவாக 0.15 முதல் 0.25 மில்லிமீட்டர். டயல் கேஜின் முனையைக் கிரவுனின் ஒரு பல்லில் வைத்து முன்னும் பின்னும் ஆட்டிப் பார்ப்பார்கள். பிளே இல்லாவிட்டால் சூடேறி விரியும் உலோகம் ஒன்றையொன்று நெரிக்கும். அதிகமானால் ஒவ்வொரு முறை ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போதும் டொக்கென்று இடிக்கும். பிளேயைச் சரிசெய்யக் கிரவுனை இடமோ வலமோ நகர்த்த வேண்டும். அப்படி நகர்த்தினால் பல் தொடும் இடமும் கொஞ்சம் நகரும். பினியன் ஆழத்தை மாற்றினாலோ பிளே மாறிவிடும். ஒன்றைத் தொட்டால் மற்றது கலைகிற இந்த விளையாட்டில்தான் மெக்கானிக்கின் பகல்பொழுது கரைகிறது. டானா நிறுவனம் செய்யும் வகை அச்சுகளில் இன்னொரு தொல்லையும் உண்டு. கிரவுன் தாங்கியை வெளியே எடுப்பதற்குக் கூட்டையே ஒரு கருவியால் விரிக்க வேண்டும். சுமார் அரை மில்லிமீட்டருக்கு மேல் விரித்தால் கூடு பழைய வடிவத்துக்குத் திரும்பாது.

மூன்றாவது, பினியன் பேரிங்குகளின் இறுக்கம். இரண்டு பேரிங்குகளுக்கும் நடுவே நசுங்குவதற்கென்றே செய்த குழாய் ஒன்று இருக்கும். அதை நசுக்கத் தொடங்கவே 400 நியூட்டன் மீட்டர் அளவுக்கு முறுக்க வேண்டியிருக்கும். ஸ்பேனரோடு நீண்ட பைப்பைச் சேர்த்து ஆள் தொங்க வேண்டும். ஆனால் கடைசியில் பினியனைச் சுழற்றும்போது உணரப்படும் தடை இரண்டு, மூன்று நியூட்டன் மீட்டர்தான் இருக்கலாம். முரட்டு பலத்தோடு ஆரம்பித்து, இம்மி இம்மியாக நிறுத்த வேண்டிய வேலை. கொஞ்சம் தாண்டிவிட்டால் நட்டைத் தளர்த்திப் பயனில்லை. நசுங்கிய குழாய் மீண்டும் நீளாது. தூக்கி எறிந்துவிட்டுப் புதுக் குழாயோடு முதலிலிருந்து.

எல்லாம் அமைந்ததா என்பதை எந்தக் கருவியும் கடைசியாகச் சொல்வதில்லை. கிரவுனின் சில பற்களில் மஞ்சள் பசையைப் பூசி, பிரேக் போட்டதுபோல் தடுத்துப் பிடித்துக்கொண்டு சுழற்றினால், பினியன் தொட்ட இடத்தில் பசை விலகி ஒரு தடம் தெரியும். தடம் பல்லின் அடிப்பக்கம் ஒதுங்கினால் பினியன் அளவுக்கு மீறி உள்ளே இருக்கிறது. நுனிப்பக்கம் என்றால் இன்னும் உள்ளே போக வேண்டும். நடுவில் நின்றால் சரி. இந்தத் தடத்தைப் படிக்கத் தெரிந்தவருக்குத்தான் அந்தக் கூலி. பத்து பூசணிக்காய்களைப் பிரிக்காமல் இது கைவராது என்பதால், வீட்டிலேயே செய்துகொள்ளலாம் என்று டயல் கேஜும் பிரஸ்ஸும் வாங்கிச் செலவழிப்பவர்கள் முதல் அச்சில் பணத்தை மிச்சப்படுத்துவது அபூர்வம்.

தொழிற்சாலையில் இதே வேலைக்கு இந்தப் பாடு இல்லை. கூட்டையும் பினியனையும் இயந்திரங்கள் அளந்து, எந்த ஷிம் வேண்டும் என்று கணக்கிட்டுவிடும். வண்டியை ஆர்டர் செய்யும்போதே 3.55-க்குப் பதில் 3.73 வேண்டும் என்று குறித்தால் ஆகும் கூடுதல் செலவு, பின்னால் மாற்றுவதோடு ஒப்பிட்டால் சில்லறை.

இந்தப் பற்கள் இவ்வளவு முரண்டுபிடிப்பதற்கு அவற்றின் வடிவமும் காரணம். ஆரம்பகால கார்களில் பினியனின் அச்சு, கிரவுனின் மையத்துக்கு நேராக இருந்தது. 1920-களின் நடுவில் நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டர் நகரிலுள்ள கிளீசன் நிறுவனம் ஹைபாய்டு எனும் பல்சக்கர ஜோடியை வெட்டும் இயந்திரத்தை உருவாக்கியது. இதில் பினியன் மையத்துக்குக் கீழே தள்ளி உட்காரும். 1926-ல் பேக்கார்டு கார்கள் இதை ஏற்றுக்கொண்டன. புரொப்பெல்லர் ஷாஃப்ட் தாழ்ந்தது, அதனால் காரின் தரையும் தாழ்ந்தது. பினியனும் பெரிதாகி வலுவடைந்தது. விலையாகக் கொடுக்க வேண்டியிருந்தது உராய்வு. ஹைபாய்டு பற்கள் உருள்வதோடு நிற்காமல் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கிக்கொண்டும் போகின்றன. அந்த அழுத்தத்தில் சாதாரண எண்ணெய்ப் படலம் பிய்ந்துவிடும். அதனால்தான் பூசணிக்காய்க்குள் ஊற்றும் எண்ணெயில் கந்தகமும் பாஸ்பரஸும் கலந்த சேர்மங்களைச் சேர்க்கிறார்கள். சூட்டில் அவை உலோகத்தோடு வினைபுரிந்து காப்புப் பூச்சாக மாறும். மூடியைத் திறந்ததும் மூக்கைத் துளைக்கும் நாற்றம் அந்தக் கந்தகத்தின் உபயம். 1970-களில் அமெரிக்கா தடை விதிக்கும் வரை, கந்தகம் ஏற்றிய ஸ்பெர்ம் திமிங்கல எண்ணெயும் இத்தகைய கியர் எண்ணெய்களில் சேர்க்கப்பட்டுவந்தது. மெக்கானிக் ஷெட்டுக்கும் நடுக்கடலுக்கும் இப்படியொரு உறவு இருந்திருக்கிறது.

கிரவுனும் பினியனும் பிறக்கும்போதே ஜோடி. தேய்ப்புப் பசை பூசி இரண்டையும் ஒன்றோடொன்று ஓடவிட்டுப் பதப்படுத்துவது நெடுநாள் வழக்கம். இரண்டிலும் ஒரே எண்ணைப் பொறித்திருப்பார்கள். ஒரு ஜோடியின் கிரவுனை இன்னொரு ஜோடியின் பினியனோடு சேர்த்தால் அது ஊளையிடும். அளவு தப்பினாலும் ஊளைதான். 41 பல் கிரவுன், 35 அங்குல டயர், மணிக்கு 105 கிலோமீட்டர் என்று கணக்குப் போட்டால், பற்கள் நொடிக்கு சுமார் 428 முறை சந்திக்கின்றன. மேற்கத்திய இசைக்குழுக்கள் சுருதி சேர்க்கும் 440 ஹெர்ட்ஸுக்குச் சற்றே கீழே. காது தவறவிடவே விடாத சுருதி. ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது ஊளை வருகிறதா, காலை எடுத்ததும் வருகிறதா என்பதை வைத்தே பற்களின் எந்த முகத்தில் கோளாறு என்று ஊகிப்பார்கள்.

வேலை முடிந்தும் வண்டியை உடனே விரட்டக் கூடாது. முதலில் 20, 30 கிலோமீட்டர் மிதமாக ஓட்டி, ஆறவிட வேண்டும். முதல் 800 கிலோமீட்டர் பாரம் இழுக்கக் கூடாது, பிறகு எண்ணெயை மாற்ற வேண்டும் என்பது பெரும்பாலான தயாரிப்பாளர்களின் அறிவுரை. புதுப் பற்கள் ஒன்றோடொன்று பழகும்வரை சூடு தாறுமாறாக ஏறும். கட்டுமீறினால் பற்களின் கடினமான மேல்தோல் இளகிவிடும்.

பாகம் வாங்குகிறபோதே இன்னொரு கேள்வியும் எழும்: கிரவுனைத் தாங்கும் கேரியர் மாற வேண்டுமா? பினியனில் பல் குறைந்தால் அதன் தலை சிறுக்கும், கிரவுன் அதை எட்டிப்பிடிக்க வேண்டும். டானா 44 அச்சில் 3.73 வரை ஒரு கேரியர், 3.92 முதல் வேறு. எல்லையைத் தாண்டுகிறவர் கேரியருக்கும் தனியாகக் காசு எடுத்துவைக்க வேண்டும், அல்லது தடித்த கிரவுனைத் தேட வேண்டும். சிறுத்த பினியன் வலுவிலும் கொஞ்சம் குறையும் என்பதைக் கடைக்காரர்கள் முந்திக்கொண்டு சொல்வதில்லை.

2017 மாடல் ஃபோர்டு எஃப்-150-யில் வந்த பத்து கியர் ஆட்டோமேட்டிக் இந்தத் தொழிலின் தேவையையே ஓரளவு குறைத்துவிட்டது. அதன் முதல் கியர் 4.70 என்பதால் 35 அங்குல டயரோடும் கிளம்பிவிடும். மேலே அடுத்தடுத்துப் பல கியர்கள் இருப்பதால் பொருத்தமானது ஒன்று அகப்பட்டுவிடும். பழைய நான்கு கியர் பெட்டிகளுக்கு அந்த வசதி இல்லை. அவற்றின் சொந்தக்காரர்களுக்கு இன்னும் மலிவான வழி காயலான் கடைதான். அதே மாடல் டிரக் ஒன்று 4.10 விகிதத்தோடு விபத்தில் சிக்கிக் கிடந்தால், பிரேக்கோடு அச்சை முழுதாகக் கழற்றி வந்து மாட்டிவிடலாம். ஷிம்மும் வேண்டாம், மஞ்சள் பசையும் வேண்டாம். ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளில் முன்பெல்லாம் கையுறைப் பெட்டிக்குள் ஒட்டியிருக்கும் தாளில் ஜிடி4 என்றிருந்தால் 3.73, ஜிடி5 என்றிருந்தால் 4.10. தாள் கிழிந்துபோயிருந்தால் பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, இரண்டு சக்கரங்களையும் சேர்த்து ஒரு முழுச் சுற்றுச் சுற்ற வேண்டும். அதற்குள் புரொப்பெல்லர் ஷாஃப்ட் நான்கு சுற்றுக்கு மேல் கொஞ்சம் போனால் தேடிவந்த அச்சு அதுதான்.