100 டாலர் எங்கே மச்சான்?

‘வீட்டில் இருந்தபடியே மாதம் 50 ஆயிரம் சம்பாதிக்கலாம்!’

இந்த வரியை ஒரு தடவைகூடப் பார்க்காத ஆள் நம்ம காலேஜ் பக்கம் யாராச்சும் இருக்கீங்களா? இருந்தா கையைத் தூக்குங்க பாஸ், உங்களுக்கு என் செலவுல ஒரு டீ! மத்தவங்க எல்லாம் அப்படியே பக்கத்துல வந்து உட்காருங்க. ஏன்னா, அந்த வரியை நம்பி ஒரு பிளாக் ஆரம்பிச்சு, மெஸ் ஃபீஸைத் தொலைச்சு, ஒரு அரியரும் வாங்கின மகானுபாவன்தான் இப்போ உங்ககிட்ட பேசிட்டிருக்கான்.

ஃப்ளாஷ்பேக். 2024 ஜனவரி. அடியேன் மெக்கானிக்கல் ஃபர்ஸ்ட் இயர், செகண்ட் செமஸ்டர். கரூர்ல அப்பாவுக்கு டூ-வீலர் மெக்கானிக் கடை. மாசா மாசம் மெஸ் ஃபீஸ்னு 4,500 ரூபாய் அனுப்புவார். அந்த மாசமும் அனுப்பினார். அதுல 2,999 ரூபாய்க்கு ‘பிளாக் எழுதி கோடீஸ்வரன் ஆவது எப்படி’ ரேஞ்சுல ஒரு ஆன்லைன் கோர்ஸ். டொமைனும் ஹோஸ்டிங்கும் சேர்த்து ஒரு 1,500. மிச்சம் 1 ரூபாய். ‘அடுத்த மாசத்துல இருந்து நீங்க பணம் அனுப்ப வேணாம்ப்பா’ன்னு போன்ல பந்தாவா சொல்லிட்டு வெச்சேன். அவர் ஒண்ணும் கேட்கலை. ‘சரிடா’ன்னார்.

அடுத்த எட்டு மாசத்துல நான் கத்துக்கிட்டது அந்தக் கோர்ஸுல இல்லை. அதைத்தான் உங்களுக்கு ஃப்ரீயா தரப் போறேன்.

கடை திறந்தாச்சு... கஸ்டமர் எங்கே?

முதல் பல்பு இதுதான். பிளாக் ஆரம்பிக்க அரை மணி நேரம் போதும். 1999-ல வந்த ‘பிளாகர்’ல இன்னைக்கும் ஒரு பைசா கொடுக்காம ஆரம்பிக்கலாம். ஆனா, ஆரம்பிச்சதும் உலகமே ஓடி வந்து படிக்கும்னு நினைச்சேன் பாருங்க, அங்கேதான் விழுந்தேன். மெயின் ரோட்டுல கடை போட்டா போறவன் வர்றவன் எட்டிப் பார்ப்பான். இன்டர்நெட்ல நாம கடை போடுறது நடுக்காட்டுல. வழி சொல்ல ஆள் வேணும்.

2004-ல ‘தமிழ்மணம்’னு ஒரு திரட்டி வந்துச்சு. தமிழ்ல யார் புதுசா எழுதினாலும் அங்கே தலைப்பு தெரியும், படிக்கிற கூட்டமும் அங்கே இருக்கும். அந்தக் காலத்து அண்ணன்களுக்கு அது ஒரு பஸ் ஸ்டாண்ட் மாதிரி. நம்ம காலத்துல அந்த வேலையைப் பெரும்பாலும் தேடுபொறிதான் பார்க்குது. அது நம்மளைக் காட்டணும்னா, ஜனங்க என்ன வார்த்தை போட்டுத் தேடுறாங்கன்னு தெரியணும். நம்ம ஊர்ல இது டபுள் சிக்கல். தமிழ்ல பேசுற ஆள் தமிழ் எழுத்துலயும் தேடுவார், தமிழை இங்கிலீஷ் எழுத்துல தட்டியும் தேடுவார், முழு இங்கிலீஷ்லயும் தேடுவார். நான் என்ன பண்ணேன்? எதையும் பார்க்கலை. புது மொபைல் நியூஸை நாலு இங்கிலீஷ் சைட்டுல படிச்சு, அப்படியே தமிழ்ல தள்ளி விட்டேன். ஒரு நாளைக்கு மூணு போஸ்ட். படிச்சது மொத்தம் பதினொரு பேர். அதுல ஒன்பது பேர் எங்க ஹாஸ்டல்.

யோசிச்சுப் பாருங்க. அதே நியூஸை நூறு சைட்ல போட்டிருக்கும்போது, ஒரு நாள் லேட்டா நான் போடுறதை எவன் படிப்பான்?

கால்குலேட்டரை எடுங்க!

சரி, படிக்க ஆள் வந்துட்டாங்கன்னே வெச்சுப்போம். காசு எப்படி வரும்? எல்லாரும் முதல்ல போற இடம் கூகுளோட ‘ஆட்சென்ஸ்’. 2003-ல வந்தது. தமிழ் சைட்டுக்கு அதுல அதிகாரபூர்வமா இடம் கிடைச்சது 2018-லதான். வயசு 18 ஆகியிருக்கணும். 10 டாலர் சேர்ந்ததும் பொதுவா வீட்டு முகவரிக்குத் தபால்ல ஒரு பின் நம்பர் வரும். அதைப் போட்டு முகவரியை உறுதி செய்யணும். 100 டாலர் சேர்ந்தாத்தான் கைக்குப் பணம். சேரலையா? அடுத்த மாசத்துக்குத் தள்ளிட்டே போகும்.

இப்போ ஒரு குட்டிக் கணக்கு. இது உதாரணத்துக்குத்தான். ஆயிரம் பார்வைக்கு அரை டாலர் வருதுன்னு வெச்சுக்கங்க. 100 டாலர் சேர எத்தனை பார்வை வேணும்? 2 லட்சம்! தினமும் 500 பார்வை வந்தாக்கூட 400 நாள் ஆகும். 500 பேரை தினமும் வரவைக்கிறதுன்னா சும்மாவா? நம்ம காலேஜ் கல்ச்சுரல்ஸுக்கே அவ்வளவு பேர் வர மாட்டாங்க.

இன்னொரு விஷயம். விளம்பரத்துக்கு நிரந்தர ரேட் கிடையாது. உள்ளே ஒவ்வொரு தடவையும் ஒரு ஏலம் நடக்குது. இன்ஷூரன்ஸ், கடன் மாதிரி சப்ஜெக்ட்ல ஏலம் கேட்குற கம்பெனிகள் நிறைய. அதனால ரேட் ஏறும். கவிதைப் பக்கத்துல விளம்பரம் போட எத்தனை கம்பெனி முட்டி மோதும்? இந்திய மொழிகளுக்கும் இதே கதைதான். இங்கிலீஷ் அளவுக்கு ஏலக்காரங்க கிடையாது. அதனால, ‘அமெரிக்காவுல ஒருத்தர் இவ்ளோ வாங்குறாராமே’ன்னு அவர் கணக்கை எடுத்து நம்ம நோட்டுல எழுதாதீங்க!

கிளிக் பண்ணுங்க... கிளிக் பண்ணுங்க!

இப்போதான் என் மானம் போன எபிசோடு. ஒரு விளம்பர நிறுவனம் என் பிளாக்குக்கு அனுமதி கொடுத்துச்சு. மூணு மாசம் போயும் 4 டாலர். மெஸ்ல வேற பாக்கி ஏறிடுச்சு. சாப்பாட்டு லைன்ல என் பேரைத் தனியா கூப்பிட ஆரம்பிச்சாங்க. அப்போ ரூம்மேட் கொடுத்த ஐடியா, ‘மச்சான், நம்ம பிளாக்ல முப்பது பேர் இருக்கோம். ஆளுக்கு தினம் ரெண்டு கிளிக்!’

ஆஹா! ரெண்டே வாரத்துல 63 டாலர். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு வராண்டாவுல டான்ஸ் வேற. இன்னும் 37 டாலர்தான்னு சுவத்துல பென்சில்ல எழுதி வெச்சோம்.

பதினஞ்சாவது நாள் ஒரு மெயில். ‘செல்லாத கிளிக்குகள். உங்கள் கணக்கு மூடப்பட்டது.’ 63 டாலரும் கோவிந்தா!

முறையிட்டுப் பார்த்தேன். பிரயோஜனம் இல்லை. ராத்திரி உட்கார்ந்து யோசிச்சா, அவங்க செஞ்சதுல தப்பே இல்லை. அந்த ஒவ்வொரு கிளிக்குக்கும் எங்கேயோ ஒரு கடைக்காரர் காசு கட்டுறார். முப்பது பேரும் எதையும் வாங்கப் போறதில்லை. எங்க அப்பா கடைக்கு வந்து முப்பது பேர் வண்டியைப் பிரிச்சுப் போடச் சொல்லிட்டு ஓடிட்டா எப்படி இருக்கும்? ஆட்சென்ஸ் விதிமுறையிலயும் இது பளிச்சுன்னு இருக்கு. சொந்த விளம்பரத்தை நாமே கிளிக் பண்ணக் கூடாது, மத்தவங்களைப் பண்ணச் சொல்லவும் கூடாது. ஒரே ஹாஸ்டல் நெட்ல இருந்து தினம் அறுபது கிளிக் போனா, கண்டுபிடிக்க மாட்டாங்களா? இன்ஜினீயரிங் படிக்கிற முப்பது பேருக்கு இது தோணலை பாருங்க!

கமிஷன் கடையில் காத்திருப்பு

விளம்பரம் போச்சு. அடுத்து அஃபிலியேட். ஒரு பொருளைப் பத்தி எழுதி லிங்க் கொடுக்கணும். அந்த வழியாப் போய் யாராவது வாங்கினா நமக்கு கமிஷன். அமேசான் இதை 1996-லயே ஆரம்பிச்சுட்டாங்க. இங்கேயும் விதி உண்டு. சேர்ந்த 180 நாளுக்குள்ள மூணு விற்பனையாவது நடக்கணும், இல்லைன்னா கணக்கை மூடிடுவாங்க. நம்ம லிங்க்ல நாமே வாங்கினா அது கணக்குல சேராது.

மறுபடியும் கணக்கு. ஆயிரம் பேர் படிக்கிறாங்க. அம்பது பேர் லிங்க்கைத் தட்டுறாங்க. ஒருத்தர் 500 ரூபாய்க்கு ஹெட்போன் வாங்குறார். கமிஷன் 5 சதவிகிதம்னு வெச்சா, 25 ரூபாய். ரெண்டு டீ, ஒரு பஜ்ஜி. அவ்ளோதான்.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒண்ணு இருக்கு. கமிஷன் கிடைக்கும்னா மொக்கைப் பொருளையும் ‘செம’ன்னு எழுதக் கை வரும். நானும் எழுதினேன். ஒரு இயர்போனைத் தொட்டுக்கூடப் பார்க்காம ஐந்து ஸ்டார் கொடுத்தேன். ஃபர்ஸ்ட் இயர் ஜூனியர் ஒருத்தன் அதை நம்பி வாங்கி, பத்தே நாள்ல ஒரு பக்கம் கேட்காமப் போய், ‘அண்ணா, நீங்க எத்தனை மாசம் யூஸ் பண்ணீங்க?’ன்னு கேட்டான். இன்னைக்கும் அவனைப் பார்த்தா நான் வேற வராண்டாவுல திரும்பிடுவேன். காசு வாங்கிட்டு ஒரு பொருளைப் பத்தி எழுதினா, அது விளம்பரம்னு வெளிப்படையாச் சொல்லணும்னு ஏ.எஸ்.சி.ஐ. அமைப்பு 2021-லயே வழிகாட்டி நெறிகள் போட்டிருக்கு. அதைப் படிக்கிறதுக்கு முன்னாடி அந்த ஜூனியர்தான் எனக்குச் சொல்லிக் கொடுத்தான்.

வாடகை வீட்டுல வாஸ்து பார்க்காதீங்க!

ஒருவேளை எல்லாத்தையும் நேர்மையாச் செஞ்சாலும் ஒரு ஆபத்து இருக்கு. தேடுபொறி தன்னோட கணக்கை மாத்தினா, நேத்து வந்த கூட்டம் இன்னைக்கு வராது. கூகுள் 2011-ல ‘பாண்டா’, 2012-ல ‘பெங்குவின்’னு மாத்தினப்போ நிறைய சைட் படுத்துடுச்சு. 2022-ல, 2023-ல மறுபடியும் பெரிய மாற்றங்கள். ‘ஹவுஸ்ஃபிரெஷ்’னு ஒரு சின்ன சைட், காத்தைச் சுத்தம் பண்ற மெஷினை எல்லாம் சொந்தமா வாங்கி டெஸ்ட் பண்ணி எழுதுறவங்க. கூகுள் வழியா வந்த கூட்டத்துல 91 சதவிகிதம் போயிடுச்சுன்னு 2024-ல அவங்களே எழுதினாங்க. உழைச்சு எழுதினவங்களுக்கே அந்த கதி!

அதே 2024-ல, கேள்வி கேட்டா மேலேயே ஏ.ஐ. பதில் சொல்ற வசதியை கூகுள் இந்தியாவுலயும் கொண்டு வந்துச்சு. பதில் அங்கேயே கிடைச்சுட்டா நம்ம வீட்டுப் படியேறி எவன் வருவான்? அதனால, தேடுபொறியை மட்டும் நம்பாதீங்க. பேர் தெரிஞ்சு தேடி வர்ற வாசகர்தான் நம்ம சொத்து. மெயில்ல படிக்கச் சம்மதிச்ச நூறு பேர், தெரியாம வந்து போற பத்தாயிரம் பேரைவிட மேல்.

அப்பா கேட்ட கேள்வி

செமஸ்டர் ரிசல்ட் வந்துச்சு. தெர்மோடைனமிக்ஸ் அவுட். ராத்திரி எல்லாம் எத்தனை பேர் வந்தாங்கன்னு கிராஃபைப் பார்த்துட்டிருந்தா வேற என்ன வரும்? ஊருக்குப் போய் கடை ஷட்டரை இறக்கும்போது அப்பாகிட்ட எல்லாத்தையும் சொன்னேன். மெஸ் பாக்கி, கோர்ஸ், கிளிக் கூத்து, அரியர், எல்லாம். திட்டுவார்னு பார்த்தேன். கையில இருந்த கிரீஸைத் துடைச்சுக்கிட்டே ஒண்ணுதான் கேட்டார். ‘உனக்கு என்ன தெரியும்னு அதுல எழுதினே?’

பதில் சொல்ல முடியலை பாஸ்.

லீவு முடியுற வரைக்கும் கடையில உட்கார்ந்தேன். மழைக்காலம் வேற. நனைஞ்ச வண்டியைத் தள்ளிட்டு வர்றவங்கதான் அதிகம். அப்பா செய்றதைப் பார்த்துப் பார்த்து எழுதினேன். ஸ்பார்க் பிளக் மூடியைக் கழட்டி ஈரத்தைத் துடைச்சு மாட்டுறது, பழைய கார்ப்பரேட்டர் வண்டின்னா அடியில இருக்கிற ஸ்க்ரூவைத் தளர்த்தித் தேங்கின தண்ணியை வடிக்கிறது, 2020-க்கு அப்புறம் வந்த பி.எஸ்.6 ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் வண்டியில எதையெல்லாம் நாமே நோண்டக் கூடாதுங்கிறது. ஒரே போஸ்ட். போட்டோகூட அப்பா கைதான், முகம் தெரியாது. வேண்டாம்னுட்டார்.

முந்தைய நூத்தி எண்பது போஸ்ட்டும் சேர்த்து வாங்காத கூட்டத்தை அந்த ஒண்ணு வாங்குச்சு. மூணாவது வாரம் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர் மெயில் பண்ணார். ‘எங்க சாமான்களைப் பத்தித் தமிழ்ல இதே மாதிரி புரியுறாப்புல எழுதித் தர முடியுமா தம்பி?’ இருபது பொருளுக்கு 1,500 ரூபாய். இன்டர்நெட்டால நான் சம்பாதிச்ச முதல் காசு அதுதான். விளம்பரமும் இல்லை, கிளிக்கும் இல்லை!

நல்லா விசாரிச்சுப் பார்த்தா இதுல நிலைச்சவங்க கதையும் இப்படித்தான் தொடங்குது. இந்தியாவுல முழுநேர பிளாகரா ஜெயிச்ச அமித் அகர்வால் 2004-ல ‘டிஜிட்டல் இன்ஸ்பிரேஷன்’ ஆரம்பிச்சார். ஐ.ஐ.டி. ரூர்க்கியில கம்ப்யூட்டர் படிச்சவர். தனக்குத் தெரிஞ்ச கம்ப்யூட்டரைப் பத்தித்தான் எழுதினார்.

ஆரம்பிக்கும் முன்னாடி அஞ்சு நிமிஷம்!

* ஆறு மாசத்துக்குக் காசே வராதுன்னு நினைச்சு ஆரம்பிங்க. ஃபீஸ் பணத்தைத் தொடவே தொடாதீங்க.

* முதல்ல இலவச பிளாக். முப்பது போஸ்ட் தாண்டினா டொமைன் வாங்கலாம். ஹோஸ்டிங்ல முதல் வருஷத் தள்ளுபடியைப் பார்த்து மயங்காம, ரெண்டாவது வருஷ ரேட்டைப் பாருங்க.

* ‘பணம் சம்பாதிப்பது எப்படி’ன்னு கோர்ஸ் விக்கிறவர், அந்தக் கோர்ஸ் தவிர வேற எதுல சம்பாதிச்சார்னு கேளுங்க.

* காப்பி வேணாம். தொடாத பொருளுக்கு ஸ்டார் வேணாம். கிளிக் கேட்கவே வேணாம்.

* வாரத்துக்கு ரெண்டு ராத்திரி மட்டும் எழுதுங்க. இன்டர்னல்ஸ் வாரத்துல லீவு விடுங்க.

இப்போ நான் தேர்ட் இயர். அரியரை க்ளியர் பண்ணியாச்சு. மெஸ் பாக்கியை அப்பா கட்டினார், அந்த 1,500-ஐ அவர்கிட்ட கொடுத்தேன், இன்னும் மிச்சம் இருக்கு. பிளாக்கும் ஓடுது. வாரம் ஒரு போஸ்ட். விளம்பரக் கணக்கு இன்னும் மூடித்தான் கிடக்கு. ஹாஸ்டல் சுவத்துல அந்த ‘37 டாலர்’ பென்சில் எழுத்தும் அப்படியே இருக்கு. புதுசா ரூமுக்கு வந்த ஜூனியர் நேத்து கேட்டான், ‘அண்ணா, இது என்ன கணக்கு?’

உட்காருடா, சொல்றேன்!