உலை கொதித்த பிறகு

ஆற்றலை ஆக்கவும் முடியாது, அழிக்கவும் முடியாது என்று இயற்பியல் வகுப்பில் படிக்கிறோம். அழியாத ஒன்றை எதற்காகச் சேமிக்க வேண்டும் என்று நண்பர் ஒருவர் கேட்டார். நல்ல கேள்விதான். அடுப்பில் எரிந்த வாயுவின் வெப்பம் அழிவதில்லை. சமையற்கட்டுக் காற்றில் கலந்துவிடுகிறது. அதைத் திரும்பப் பிடித்து உருளைக்குள் அடைக்க யாராலும் முடியாது. கைநழுவுமுன் வெப்பத்திடம் வேலை வாங்கிக்கொள்வதையே நாம் சேமிப்பு என்கிறோம்.

சோறு ஆக்குவதை எடுத்துக்கொள்வோம். ஒரு லிட்டர் நீரை 30 பாகை செல்சியசிலிருந்து 100 பாகைக்குக் கொண்டுவர ஏறத்தாழ 70 கிலோ கலோரி வெப்பம் போதும். கொதிக்கும் அந்த ஒரு லிட்டர் முழுவதும் ஆவியாகிப் போக 540 கிலோ கலோரி வேண்டும். இதுவே உள்ளுறை வெப்பம். 18ஆம் நூற்றாண்டில் ஜோசப் பிளாக் ஆராய்ந்து சொன்னது. முன்னதைப்போல் ஏழு மடங்குக்கும் மேல்! உலை கொதித்த பிறகு தீயை எவ்வளவு கூட்டினாலும் திறந்த பானையில் நீரின் வெப்பநிலை ஏறுவதில்லை. அரிசி விரைந்து வேகாது. ஆவிதான் விரைந்து போகும். கொதி வந்ததும் தீயைத் தணித்து, பானையை மூடிவைத்தால் போதும்.

நம் பாட்டிமார் இதை எந்தப் பாடநூலிலும் படித்தவர்கள் அல்லர். உலை பொங்கியதும் விறகை வெளியே இழுத்து, மீதியைத் தணலில் வேகவிட்டார்கள். சுள்ளி பொறுக்கித் தலையில் சுமந்து வந்தவர்களுக்கு ஒவ்வொரு குச்சியின் கனமும் தெரியும். குமிழைத் திருகினால் தீ வரும் நமக்கு அது மறந்துபோயிற்று.

ஆனால் 14.2 கிலோ வாயு வற்றாத ஊற்றன்று. கூலி வேலைக்குச் செல்வோர் வீட்டில் உருளை தீரும் நாளும் கையில் பணம் இருக்கும் நாளும் ஒன்றாக அமைவதில்லை. உருளை நான்கு நாள் கூடுதலாக வந்தால், கடன் கேட்கும் நாளும் நான்கு நாள் தள்ளிப்போகும்.

அழுத்தம் கூடினால் கொதிநிலையும் கூடும். 1679இல் டெனி பாப்பின் காட்டிய கலத்தின் வழிவந்ததே இன்றைய குக்கர். அதனுள் நீர் 120 பாகை வரை சூடாகும். அங்கும் நாம் பெருந்தீயிலேயே விசில்களை எண்ணிக்கொண்டிருக்கிறோம். விசில் வழியே சீறிப் போவது காசு கொடுத்து வாங்கிய வெப்பமன்றோ! முதல் விசில் வந்தபின் அழுத்தம் குறையாத அளவுக்குச் சிறுதீ இருந்தால் போதும். கொண்டைக்கடலையை முதல்நாள் இரவே ஊறவைத்தால் வேகும் நேரமும் பெரிதும் குறையும்.

மின்சாரத்திற்கு வருவோம். 60 வாட் குண்டு பல்பு தரும் வெளிச்சத்தை 9 வாட் எல்.இ.டி. பல்பு தந்துவிடுகிறது என்பது பலரும் அறிந்ததே. மின்விசிறியைப் பற்றித்தான் ஒரு தவறான எண்ணம் நிலவுகிறது. அது அறையைக் குளிர்விப்பதில்லை. நம் உடலின் வியர்வையை விரைந்து ஆவியாக்குகிறது. ஆவியாகும் வியர்வை தனக்கு வேண்டிய உள்ளுறை வெப்பத்தை நம் தோலிலிருந்து எடுத்துக்கொள்கிறது. ஆளில்லாத அறையில் எடுக்கத் தோல் ஏது? (விடுதி நண்பர்கள் பொறுத்தருள்க!) 75 வாட் விசிறி அங்கே பத்து மணி நேரம் சுழன்றால் முக்கால் யூனிட் கணக்கில் ஏறும், அறையோ முன்னைவிடச் சற்றே சூடாகியிருக்கும்.